சாடியில் நிற்கும் நத்தார் மரம் எந்தக் குடும்பம்?

காரைநகர் கசூரினா கடற்கரை மரங்களைப் பைன் என்று நானும் கனகாலம் நம்பியிருந்தேன். ஊசி போல இலை, குட்டிக் கூம்பு, காற்றடித்தால் ஓர் இரைச்சல், வேறென்ன வேண்டும்? ஆனால் அவை சவுக்கு மரங்கள். ஆகவே சவுக்கைக் கழித்துவிட்டே தொடங்குவோம். ஒரு பூதக்கண்ணாடி போதும்.

படி 1: சவுக்கின் 'ஊசி' ஒன்றை இரு முனையிலும் பிடித்து மெல்ல இழுங்கள். கணுவில் டிக்கென்று கழன்றுவிடும். கழன்ற இடத்தில் முடி சூட்டியது போல 6 முதல் 8 சின்னப் பற்கள் தெரியும். அவைதான் இலைகள்! இலையென்று நினைத்தது பச்சைக் கொப்பு. சவுக்கு பூக்கும் தாவரம். அதன் 'கூம்பு' வெறும் காய்க்கொத்து.

படி 2: இனி வீட்டு முற்றத்துக்கு வாருங்கள். நத்தாருக்குச் சோடிக்கும், கிளைகள் தட்டுத்தட்டாக விரியும் சாடி மரம் பெரும்பாலும் அரோகேரியாதான். இலைகள் கொப்பைச் சுற்றித் தனித்தனியே இருக்கும். பைனில் ஊசிகள் கட்டாக வரும்.

படி 3: குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பது கூம்புச் செதில். கண்டிப் பக்கம் போகிறவர்களிடம் ஹந்தானையிலிருந்து ஒரு பைன் கூம்பு கொண்டுவரச் சொல்லுங்கள். வித்துகள் கொட்டியிருந்தாலும், செதிலின் உட்புறத்தில் அவை இருந்த இரண்டு தடங்கள் கிடக்கும். அரோகேரியா குடும்பத்தில் செதிலுக்கு ஒரே வித்து. சாடி மரம் காய்க்காது, அதனால் இதைப் படத்தில்தான் பார்க்க வேண்டும்.

படி 4: குடும்பத்துக்குள் 3 சாதிகள் (தாவரவியல் சாதிதான், குடும்பத்துக்கும் இனத்துக்கும் இடைப்பட்ட பிரிவு, பயப்படாதீர்கள்). வித்து செதிலோடு ஒட்டியிருந்தால் அரோகேரியா. பிரிந்து வந்தால் அகாதிஸ் அல்லது வொலேமியா. வொலேமியாவை 1994இல்தான் சிட்னிக்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கில் டேவிட் நோபிள் கண்டார். அதில் ஒரே இனம்.

படி 5: அப்புறம் காலம். டைனோசர்கள் வாழ்ந்த ஜூராசிக் காலத்தில் இக்குடும்பம் பூமியின் இரு பாதியிலும் இருந்தது. தென் அமெரிக்காவின் படகோனியாவில் எரிமலைச் சாம்பலுக்குள் கல்லான கூம்புகளை அறுத்தால், வித்துக்குள் முளைக்கருகூடத் தெரிகிறது. பிறகு வடக்கில் பெரும்பாலும் அழிந்து, தெற்கில் தங்கிவிட்டது.

குடும்பம் பழையதென்று ஒவ்வோர் இனத்தையும் கிழமாக்கிவிடாதீர்கள். சாடியில் வளர்ப்பதில் அதிகம் காணப்படும் இனத்தின் சொந்த ஊர் பசிபிக்கிலுள்ள நோர்போக் தீவு. அந்த எரிமலைத் தீவுக்கு வயது 30 லட்சம் ஆண்டளவுதான். நம் யாழ்ப்பாணக் கிணற்றுச் சுவரில் தெரியும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லுக்கு 50 லட்சத்துக்கு மேல்.