வாடகை வருமானமா, மனை விலையேற்றமா: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கையில் சேமிப்பு சேர்ந்ததும், ஒத்தக்கடைப் பக்கம் மனை வாங்கிப் போடலாமா, அண்ணா நகரில் வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா என்ற பேச்சு மதுரைக் குடும்பங்களில் எழுகிறது. அதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: மாதாமாதம் பணம் கைக்கு வர வேண்டுமா, அல்லது பத்து ஆண்டுகள் தொடாமல் விட்டுவைக்க முடியுமா? ஓய்வூதியம் இல்லாமல் பணி ஓய்வு பெறுபவருக்கும் முப்பது வயதில் சம்பாதிப்பவருக்கும் ஒரே விடை பொருந்தாது.

வாடகைக் கணக்கை, செலவு போக மிஞ்சும் தொகையை வைத்தே போட வேண்டும். ரூ.50 லட்சம் வீட்டுக்கு மாதம் ரூ.14,000 வாடகை என்று கொள்வோம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் என்பதால் அடக்க விலை ரூ.54.5 லட்சமாகிறது. ஆண்டு வாடகை ரூ.1,68,000; ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் ரூ.14,000 போகும், வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் பழுது என ரூ.24,000 கழித்தால் மிஞ்சுவது ரூ.1,30,000, அதாவது சுமார் 2.4 சதவீதம். வருமான வரிக்கு, வீட்டு வரி போக உள்ள வாடகையில் 30 சதவீதக் கழிவு உண்டு என்பது ஓர் ஆறுதல்.

ஒரே வளாகத்துக்குள் பல குடித்தனங்கள் இருக்கும் பழைய வளவு வீடுகளில் இந்தக் கணக்கு மாறும். ஐந்து குடித்தனங்கள் உள்ள வளவில் ஒருவர் காலி செய்தாலும் நான்கு வாடகை வந்துகொண்டிருக்கும். ஆனால் பொதுத் தண்ணீர்த் தொட்டியையும் கழிவுநீர்க் குழாயையும் நீங்களே நேரில் பார்த்துப் பராமரிக்க வேண்டியிருக்கும். உள்ளூரில் இல்லாதவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

மனைக்கு வருவோம். "பத்து வருஷத்துல இரண்டு மடங்காயிடும்" என்று தரகர் சொன்னால் உடனே கணக்குப் போட்டுப் பாருங்கள். ரூ.20 லட்சம் மனையின் அடக்கம் ரூ.21.8 லட்சம்; அது ரூ.40 லட்சத்துக்கு விற்றால் ஆண்டு வளர்ச்சி சுமார் 6.3 சதவீதம், நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதத்தைக் கழித்தால் 5.6 சதவீதம்தான் நிற்கும். அதுவரை ஒரு ரூபாய்கூட வரவில்லை. மதுரையை அடுத்த தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது, கட்டுமானம் தொடங்கியதோ 2024 இல்தான். அறிவிப்பை நம்பிக் கடன் வாங்கி மனை வாங்கியவர் அத்தனை ஆண்டுகளுக்கும் வட்டி கட்டியிருப்பார்.

மனையை ஆண்டுக்கு ஒரு முறையாவது நேரில் போய்ப் பாருங்கள். ஒரு மழைக்காலம் போதும், சீமைக்கருவேலம் எல்லைக்கல்லை மூடிவிடும். பக்கத்து மனைக்காரர் வேலி போடும்போது எங்கே கல் இருந்தது என்று காட்ட முடியாமல் நிற்க நேரிடும். வாங்கும்போதே நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) மனை அங்கீகாரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் வழக்கறிஞரிடம் கொடுத்துச் சரிபாருங்கள்.

கடனில் வாங்குவதாக இருந்தால் இரு வழிக்கும் நெருக்கடி ஒன்றுதான். ரூ.30 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் இருபது ஆண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ ரூ.27,000, மேலே சொன்ன வீட்டின் வாடகை அதில் பாதியைத்தான் கட்டும். மீதியைச் சம்பளத்திலிருந்து கட்ட முடியுமா என்று பார்த்து, ஆறு மாதத் தவணையை வங்கியில் தனியே எடுத்து வைத்த பிறகே முன்பணம் கொடுங்கள்.