கழிவுநீர்க் குழாய்க்கு எவ்வளவு வாட்டம் வேண்டும்? முதன்முதலாகக் கணக்குப் போடுகிறவர்களுக்கு

1000 பேர் வசிக்கும் ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம்.

முதலில் தேவை. ஒருவருக்கு நாளைக்கு 150 லிட்டர் என்று வைத்தால் மொத்தம் 1,50,000 லிட்டர். இது மேல்நிலைத் தொட்டியிலிருந்து அழுத்தத்தில் வருகிறது; 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார். அழுத்தம் இருக்கிறவரை குழாய் வழியில் மேடேறி இறங்கினாலும் தண்ணீர் வந்துவிடும். கழிவுநீருக்கு அந்த வசதி கிடையாது. வாட்டம், அதாவது குழாயின் சரிவுதான், அதை இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

அடுத்து, வந்ததில் எவ்வளவு சாக்கடைக்குப் போகும்? 80 சதவீதம் என்று கொள்வது வழக்கம்: 1,20,000 லிட்டர். ஒரு நாளின் 86,400 விநாடிகளால் வகுத்தால் விநாடிக்கு 1.4 லிட்டர். ஆனால் எல்லாரும் காலையில்தானே குளிக்கிறார்கள்! உச்ச நேரத்துக்கு 3 மடங்கு வைப்போம்: 4.2 லிட்டர்.

இப்போது வாட்டம். உச்ச ஓட்டத்திலாவது நீர் விநாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் மணல் அடியில் தங்கிவிடும். 150 மி.மீ. குழாய், சொரசொரப்பு எண் 0.013 என்று மானிங் சூத்திரத்தில் (சரிவிலிருந்து நீரின் வேகத்தைக் கணக்கிடுவது) போட்டால், 200-க்கு 1 வாட்டத்தில் வேகம் 0.61. அப்பாடா என்று நோட்டை மூடிவிடாதீர்கள். அது குழாய் நிறைந்து ஓடும்போது. நம்முடைய 4.2 லிட்டர் பாதிக் குழாயைக்கூட எட்டாது, வேகம் 0.57-க்கு இறங்கிவிடும். 100-க்கு 1 கொடுத்தால் 0.73. சரி, போதும்: 30 மீட்டர் தூரத்துக்கு 30 செ.மீ. இறக்கம்.

'எதற்கும் இருக்கட்டும்' என்று 300 மி.மீ. குழாய் போடுவது புதியவர்களின் வழக்கமான தவறு. அதே வாட்டத்தில் நீரின் ஆழம் 54 மி.மீ.-யிலிருந்து 42-க்குக் குறையும், வேகமும் குறையும். காகிதமும் மலமும் ஓரத்தில் ஒட்டிக் காயும்.

குழாய் திரும்பும் இடத்திலும் வாட்டம் மாறும் இடத்திலும் மேன்ஹோல் வையுங்கள். குடிநீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழாய்க்கு மேலே, தள்ளிப் போடுங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் போன நேரத்தில் குடிநீர்க் குழாய் விரிசல் வழியே அழுக்கை உள்ளே இழுத்துவிடும்.

என் முதல் வேலையில் இரண்டு மேன்ஹோலிலும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பார்ப்பது) சரியாகக் காட்டியது. நடுவில் ஒரு குழாய் மட்டும் தொய்ந்திருந்தது. மண் மூடிய பிறகுதான் தெரிந்தது. அப்புறம் கற்றுக்கொண்ட வழி இது: ஒரு மேன்ஹோலில் டார்ச் அடித்து, அடுத்ததில் கண்ணாடி பிடித்துப் பாருங்கள். முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் பள்ளத்தை மூடலாம். பிறை போலத் தெரிந்தால் மறுபடியும் தோண்ட வேண்டியதுதான்.