மாடியில் சோலார் போடுவதற்கு முன் கீசரைக் கவனியுங்கள்

மொட்டை மாடியில் சோலார் அமைக்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை கிலோவாட் போடலாம் என்பதைத்தான். அதற்கு விடை சொல்லக்கூடியவை கடந்த ஓராண்டின் ஆறு மின் கணக்குகளும் குளியலறையில் உள்ள கீசருமே.

25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்க ஏறத்தாழ ஒரு யூனிட் செலவாகும்; 2 கிலோவாட் கீசர் அதை அரை மணி நேரத்தில் முடித்துவிடும். குளியல் முடிந்த பிறகும் அணைக்காமல் விட்டால், தொட்டியிலிருந்து வெளியேறும் சூட்டை ஈடுகட்ட அது நாள் முழுவதும் விட்டுவிட்டு மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். எனவே தெர்மோஸ்டாட்டை 50 டிகிரி அளவில் வைத்து, குளிப்பதற்கு அரை மணி முன்னால் ஓடி தானே அணையும்படி ஒரு டைமரையோ ஸ்மார்ட் சுவிட்சையோ பொருத்துங்கள். கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுப்பதால் 16 ஆம்பியர் தாங்கும் சுவிட்சையே வாங்க வேண்டும். விலை குறைவு என்று 6 ஆம்பியர் பிளக்கை மாட்டினால் அது சூடேறி உருகிவிடும். நம் கோவை, திருப்பூர் பகுதியின் போர்வெல் தண்ணீரில் உள்ள உப்பு கீசரின் காயிலில் படிந்து சூடேறுவதைத் தாமதமாக்கும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை அதைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மாடியில் ஏற்கெனவே சோலார் வாட்டர் ஹீட்டர் இருந்தால், பேனலுக்கு இடம் வேண்டும் என்று அதை அகற்றிவிடாதீர்கள். வெயிலால் தண்ணீரை நேரடியாகச் சூடாக்கிக் கொள்வதற்கு மிகக் குறைந்த இடமே போதும்.

இப்படி ஓர் இரண்டு மாதம் கழித்து வரும் கணக்கைப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட், அதாவது இரு மாதத்துக்கு 240 யூனிட் தரும். 480 யூனிட் ஆகும் வீட்டுக்கு 2 கிலோவாட் போதும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. மானியம் அதற்குமேல் ஏறாது என்பதால், விற்பவர் வற்புறுத்துகிறார் என்று 5 கிலோவாட்டுக்குப் போவது தேவையற்ற செலவு என்பதே என் கருத்து.

ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் தேவை. பேனல்களைத் தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்து வையுங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்வதால், பேனலுக்குத் தெற்கில் தண்ணீர்த் தொட்டியோ தென்னை மரமோ இருந்தால் நிழல் விழும். ஒரு பேனலின் ஓரத்தில் விழும் நிழலும் அந்த வரிசை முழுவதன் உற்பத்தியைக் குறைக்கக்கூடும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் காற்று பேனலை அடியிலிருந்து தூக்கப் பார்க்கும் என்பதால், சட்டத்தின் கால்களைத் தளத்தில் உறுதியாகப் பிணைத்திருக்கிறார்களா என்று நேரில் நின்று பாருங்கள்.

மின்வெட்டின்போது சோலார் கைகொடுக்கும் என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காப்பதற்காக, பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். அப்போதும் விளக்கெரிய வேண்டுமானால் பேட்டரியுடன் கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் தேவை.

பல்லடம், சோமனூர் போன்ற தறி ஊர்களில் பஞ்சுத் தூசி படியும் என்பதால் பேனல்களை இரு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவது நல்லது. வெயில் ஏறுவதற்கு முன், உப்புத் தண்ணீரைத் தவிர்த்துக் குழாயில் வரும் நல்ல தண்ணீரால் கழுவி, மென்மையான துணியால் துடையுங்கள்; உப்புக் கறை ஒருமுறை கண்ணாடியில் பிடித்துவிட்டால் எளிதில் போகாது.