தூக்கம் கலைந்தால் பல்லும் தாடையும்: கண்டறியவும் காக்கவும் ஒரு வழிகாட்டி

காலையில் எழும்போதே தாடை இறுகிக் கிடக்கிறது, நெற்றிப்பொட்டில் மந்தமான வலி இருக்கிறது, காபி குடித்துச் சிறிது நேரத்தில் அது தானாகப் போய்விடுகிறது என்றால் பெரும்பாலோர் அதைத் தலைவலிக் கணக்கில் எழுதிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பல் கூச்சத்துக்காக மருத்துவரிடம் போகிறவர்களும் தங்கள் தூக்கத்தைப் பற்றி அங்கே வாய் திறப்பதில்லை. நெய்வேலிச் சுரங்கங்களிலும் கடலூர் சிப்காட் ஆலைகளிலும் ஷிப்டு முறையில் உழைப்பவர்கள், கடலூர் துறைமுகத்திலிருந்தும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலிருந்தும் விடியலுக்கு முன்பே படகு எடுப்பவர்கள், மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர்கள் என்று தூக்கம் துண்டுபட்டவர்கள் நிறைந்த இப்பகுதியில், பல்லைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, எப்போது, எப்படித் தூங்குகிறீர்கள் என்பதே.

கெட்ட தூக்கம் வாயைப் பெரும்பாலும் மூன்று வழிகளில் கெடுக்கிறது: தூக்கத்தில் பல்லைக் கடிப்பது, வாய் வறள்வது, வயிற்று அமிலம் மேலேறுவது. தமக்கு இருப்பது இவற்றில் எது என்று தெரிந்துகொள்ளாமல் பற்பசையை மாற்றுவதும், தூங்கும்போது பல்வரிசைமேல் மாட்டிக்கொள்ளும் பல் காப்புத் தட்டை இணையத்தில் வாங்குவதும் பெரும்பாலும் வீண்செலவு.

இரவில் நடப்பது என்ன

தூக்கம் ஒரே சீராக ஓடுவதில்லை. நமக்கே தெரியாமல் மூளை சில நொடிகள் விழித்து மீண்டும் அடங்குகிறது. அத்தகைய நுண்விழிப்பின்போது முதலில் மூளையின் செயல்பாடு கூடுகிறது, அடுத்து இதயத் துடிப்பு ஏறுகிறது, அதன் பிறகே கன்னத்துத் தசையும் நெற்றிப்பொட்டுத் தசையும் சுருங்கிப் பற்களை நறநறவென்று தேய்க்கின்றன. பெரியவர்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு இப்பழக்கம் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. சிலரிடம் அந்தக் கடியின் விசை, விழித்திருக்கும்போது முழுப் பலத்தோடு கடிப்பதையும் மிஞ்சிவிடுகிறது. எனவே நுண்விழிப்புகளைப் பெருக்கும் எதுவும், அது குறட்டையாக இருந்தாலும் மதுவாக இருந்தாலும், தாடையை வேலை வாங்கும். பல்வரிசை கோணலாக இருப்பதால்தான் பல்லைக் கடிக்கிறார்கள் என்பது பழைய எண்ணம். இன்று அதை ஏற்பார் குறைவு. ஆகவே கடிப்பதை நிறுத்துவதற்காகப் பல்லை ராவிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால், ராவிய பல் திரும்ப வளராது என்பதை எண்ணிப் பார்த்து, இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

உமிழ்நீரின் கதை வேறு. விழித்து ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்கு 0.3 மில்லிலிட்டர் அளவில் ஊறும் உமிழ்நீர், தூக்கத்தில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அமிலத்தைத் தணிப்பதும், கரைந்த சுண்ணாம்புச் சத்தைப் பல்லுக்குத் திருப்பித் தருவதும் அந்த நீர்தான். மூக்கடைப்பினாலோ குறட்டையினாலோ வாயைத் திறந்து தூங்குகிறவர்களுக்கு, இருக்கும் கொஞ்ச ஈரமும் காய்ந்துபோகிறது. அமிலக் குறியீடு (pH; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேற்பூச்சான எனாமல் கரையத் தொடங்குகிறது. வயிற்று அமிலமோ இரண்டை ஒட்டிய அளவில் இருப்பது. இரவு பதினொரு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பவருக்குப் புளித்த ஏப்பத்தோடு மேலேறும் அமிலத்தைக் கழுவி இறக்க உமிழ்நீரும் இல்லை. தூக்கத்தில் விழுங்குவதும் குறைவு.

தூக்கக் குறைவு வலியைத் தாங்கும் திறனையும் குறைக்கிறது. அமெரிக்காவில் தாடை மூட்டு வலியைப் பற்றி நடந்த ஒரு நீண்டகால ஆய்வில், வலி வந்தவர்களுக்கு அதற்கு முன்பே தூக்கத்தின் தரம் படிப்படியாகக் கெட்டிருந்தது தெரிந்தது. வலி வந்த பிறகு அது தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட தூக்கம் வலியைக் கூட்டும். ஈறு நோய்க்கும் தூக்கக் குறைவுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொன்னாலும், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை.

கண்ணாடி முன்னால் சோதனை

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று முதலில் நாக்கை நீட்டுங்கள். அதன் ஓரத்தில் பல் பதிந்த பள்ளங்கள் வரிசையாகத் தெரிகின்றனவா? கன்னத்தின் உட்புறத்தில், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரும் மட்டத்தில் வெள்ளைக் கோடு ஓடுகிறதா? இரண்டும் பல்லைக் கடிப்பதற்கான குறிப்புகள். ஆனால் அவை மட்டுமே போதா. அடுத்துக் கோரைப்பல்லின் நுனியைப் பாருங்கள். இளம் வயதில் கூராக இருக்க வேண்டிய அந்த நுனி, தட்டையாகத் தேய்ந்து, சாய்த்துப் பார்க்கையில் சிறு பளபளப்பாக மின்னினால், தாடையை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். மேல் கோரைப்பல்லின் தேய்ந்த முகமும் கீழ்ப்பல்லின் தேய்ந்த முகமும் ஓரிடத்தில் கச்சிதமாகப் பொருந்துமானால், பல்லோடு பல் உரசியே அந்தத் தேய்வு வந்திருக்கிறது.

அமிலத்தின் தடம் வேறிடத்தில் இருக்கும். மேல்வரிசை முன்பற்களின் உட்புறம், அதாவது நாக்கு படும் பக்கம், வழுவழுவென்று மெலிந்து மஞ்சளாகத் தெரிந்தால் எதுக்களிப்பை, அதாவது வயிற்று அமிலம் மேலேறுவதை, சந்தேகிக்க வேண்டும். எழும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, உதடு வெடித்து, தலைமாட்டில் தண்ணீர்ப் புட்டி தேவைப்படுகிறது என்றால் அது வறட்சி.

கடைசியாக, உங்கள் கையின் மூன்று விரல்களை நிமிர்த்தி முன்பற்களுக்கிடையே செருகிப் பாருங்கள். பெரும்பாலோருக்கு அது நுழையும். நுழையவில்லை என்றால் அதைத் தாடை மூட்டுக் கோளாறு என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். இரவு ஷிப்டில் கண் சொக்காமல் இருப்பதற்காகப் பாக்குப் பொட்டலத்தையும் புகையிலையையும் வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் நம் பகுதியில் பரவலாக இருக்கிறது. பாக்கினால் கன்னத்தின் உட்சதை நாராக இறுகி, வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க முடியாமல் போகும் நோய் உண்டு. காரம் பட்டால் எரிவதும் சதை வெளுத்துப்போவதும் அதன் அடையாளங்கள். அது புற்றுநோயாக மாறக்கூடியது என்பதால், தூக்கத்தைச் சரிசெய்து பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

குறட்டையை முதலில் விசாரியுங்கள்

பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். குறட்டை நடுவில் சட்டென்று நின்று, மூச்சே இல்லாமல் இருந்து, பிறகு திணறலோடு மீண்டும் தொடங்குகிறதா? தூக்கத்தில் ஒவ்வொரு முறையும் பத்து நொடிக்கு மேல் மூச்சு நின்று, அது மணிக்கு 5 தடவைக்கு மேல் நிகழ்ந்தால் அதைத் தூக்க மூச்சுத் தடை என்கிறார்கள். 30-ஐத் தாண்டினால் கடுமையானது. தனியாகப் படுப்பவர்கள் தொலைபேசியில் ஓர் இரவு ஒலிப்பதிவு வைக்கலாம். உயர் ரத்த அழுத்தமும், 40 சென்டிமீட்டரைத் தாண்டிய கழுத்துச் சுற்றளவும், பகலில் பேருந்தில் அமர்ந்த உடனே கண் செருகுவதும் சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. இத்தகையவர்கள் பல் காப்புத் தட்டு செய்துகொள்வதற்கு முன் தூக்க ஆய்வு செய்துகொள்வது நல்லது; ஏனெனில் மேல்வரிசைக்குப் போடும் தட்டு சிலருக்கு மூச்சுத் தடையைக் கூட்டிவிடுகிறது. வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தூங்கச் சொல்லும் காணொலிகள் இப்போது நிறைய வருகின்றன. மூக்கடைப்போ மூச்சுத் தடையோ இருப்பவருக்கு அது ஆபத்து. அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

இரவுப் பணியாளர் எப்போது பல் துலக்க வேண்டும்

‘இரவு படுக்கும் முன் பல் துலக்குங்கள்’ என்ற அறிவுரை பகலில் வேலை பார்ப்பவர்களை நினைத்துச் சொன்னது. காலை ஏழு மணிக்கு வீடு திரும்பி, இட்லி சாப்பிட்டு எட்டரைக்குப் படுப்பவருக்கு உமிழ்நீர் நிற்பது பகலில். எனவே முக்கியமான துலக்கல், கடிகாரம் எதைக் காட்டினாலும், அவருடைய நீண்ட தூக்கத்துக்கு முன் இருக்க வேண்டும். பற்பசை உறையில் ஃபுளூரைடு அளவு 1000 பிபிஎம்-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மூலிகைப் பற்பசைகள் பலவற்றில் ஃபுளூரைடே கிடையாது. துலக்கியபின் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். அந்தப் பூச்சு பல்லில் தங்கினால்தான் பயன். நெஞ்செரிச்சலோடு விழித்தால் உடனே துலக்காதீர்கள். அமிலத்தால் இளகிய எனாமலைப் பிரஷ் தேய்த்துவிடும். ஒரு தம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

ஷிப்டு நேரத் தேநீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்க்கரை போட்ட ஒவ்வொரு தேநீருக்குப் பிறகும் வாயில் அமிலம் கூடி, சுமார் அரை மணி நேரம் இருக்கிறது. பிளாஸ்கில் வைத்துக்கொண்டு விடியும்வரை வாய் வாயாக உறிஞ்சினால் பல்லுக்கு ஓய்வே இல்லை. இரண்டு வேளையாக ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இடையில் வெறும் தண்ணீர் குடிப்பது மேல். காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்பதால், கடைசிக் காபிக்கும் தூக்கத்துக்கும் அந்த அளவாவது இடைவெளி வேண்டும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே முடிந்தவரை மூன்று மணி நேரம் விடுங்கள். அது முடியாத நாட்களில் குறைவாகச் சாப்பிட்டு, இடப்பக்கமாகப் படுங்கள். எதுக்களிப்பு உள்ளவர்கள் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 சென்டிமீட்டர் கட்டை வைத்து உயர்த்தலாம். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். பகலில் தூங்குவோர்க்குக் கனமான திரையும் கொசுவலையும் எந்தப் பற்பசையைவிடவும் அதிகமாக உதவக்கூடும் என்பது என் கருத்து.

தாடைக்கு ஓய்வும் காப்புத் தட்டும்

உதடுகள் மூடியிருக்க, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமல் இருப்பதே தாடையின் இயல்பு நிலை. ‘ன்’ என்று சொல்லும்போது நாக்கு நுனி அண்ணத்தில் படும் இடத்திலேயே அதை வைத்துக்கொண்டால் தாடை தானாகத் தளரும். வண்டி ஓட்டும்போதும் தொலைபேசியைப் பார்க்கும்போதும் இதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பகலில் கடிக்கும் பழக்கம் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. வலி இருக்கும் நாட்களில் வெந்நீரில் பிழிந்த துணியைக் கன்னத்தில் கால் மணி நேரம் வையுங்கள். கரும்பு கடிப்பதையும் முறுக்கையும் சூயிங்கத்தையும் ஒதுக்கி, கொட்டாவி வரும்போது மோவாய்க்கு அடியில் கையைக் கொடுங்கள். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

காப்புத் தட்டு பல்லைத் தேய்வதிலிருந்து காக்கும். கடிக்கும் பழக்கத்தை நிறுத்தாது. சில மாதம் போட்ட தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கீழ்ப்பற்கள் உழுத சால்கள் தெரியும். அந்தச் சால்கள் பல்லில் விழ வேண்டியவை. அளவெடுத்துச் செய்த கெட்டியான அக்ரிலிக் தட்டுதான் ஏற்றது. வெந்நீரில் போட்டு வாயில் வைத்து அழுத்தும் மென்மையான ஆயத்தத் தட்டு சிலரை இன்னும் பலமாகக் கடிக்க வைக்கிறது. சரியாகப் பொருந்தாவிட்டால் பல்லின் கடிப்பையே மாற்றிவிடும்.

பிள்ளைகள் பல் கடித்தால் ‘வயிற்றில் பூச்சி’ என்று பூச்சி மருந்து கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். பூச்சி மருந்தை அதற்குரிய காலத்தில் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் பல் கடிப்பதற்கு அதைக் காரணமாகக் காட்டும் உறுதியான சான்று இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வயது ஏற ஏறத் தானாக நின்றுவிடும். வாயைத் திறந்து குறட்டையோடு தூங்கும் பிள்ளையாக இருந்தால் டான்சிலும் அடினாய்டும் வீங்கியிருக்கின்றனவா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்கே போவது, எதைச் சொல்வது

தாடை வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் இருந்தால் அது பல் சம்பந்தப்பட்டது அல்ல, மாரடைப்பாக இருக்கலாம், 108-ஐ அழையுங்கள். மற்றபடி இரண்டு மூன்று வாரங்களில் குறையாத வலிக்கும், வாய் திறந்தபடி பூட்டிக்கொள்வதற்கும், பல் விரிசலுக்கும் புதுச்சேரியில் ஜிப்மரும் கோரிமேடு பகுதியில் உள்ள மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனமும், சிதம்பரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அண்ணாமலை நகர் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. குறட்டையும் மூச்சுத் திணறலும் முதன்மையாக இருந்தால் பல் பிரிவுக்குப் போகும் முன் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ நுரையீரல் பிரிவிலோ காட்டுவது அலைச்சலைக் குறைக்கும். போகும்போது ஷிப்டு அட்டவணையையும், ஒரு வாரத்துக்குத் தூங்கிய நேரம், எழும்போது இருந்த வலி, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் ஆகியவற்றைக் குறித்த தாளையும், குறட்டைப் பதிவையும் எடுத்துச் செல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளும் கையில் இருக்கட்டும்; மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃபுளுவாக்செடின், செர்ட்ராலின் போன்றவை சிலருக்குப் பல் கடிப்பதை உண்டாக்கும், சளிக்கும் அரிப்புக்கும் தரும் மாத்திரைகள் சில வாயை உலர்த்தும். அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ அவர் மாற்றித் தருவார்.