3500 ஸ்டாலைக் கழற்றி 2400 மாட்டிய கதை

என் வண்டி 1970 செவர்லே செவெல் கார். 350 வி8 என்ஜின், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கேம்ஷாஃப்டை (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) பெரிதாக மாற்றிய பிறகு, சிக்னலில் கியரில் நின்றால் என்ஜின் திணறி அணைந்துவிடும். பழைய டார்க் கன்வர்ட்டர் (என்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) குறைந்த சுற்றிலேயே இறுகப் பிடித்ததுதான் காரணம். நண்பர் சொன்னபடி 3500 ஸ்டால் கன்வர்ட்டர் போட்டேன்; அதாவது, என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3500 சுற்றை எட்டும்வரை இறுகப் பிடிக்காமல் வழுக்கும் வகை.

சிக்னல் தொல்லை தீர்ந்தது, நெடுஞ்சாலையில் புதுத் தொல்லை வந்தது. பின் அச்சு விகிதம் 3.08, டயர் விட்டம் 26 அங்குலம். கணக்குப்படி 65 மைல் வேகத்துக்கு என்ஜின் சுமார் 2600 சுற்றில் ஓடினால் போதும். அது 3500-க்கு வெகு கீழே. கன்வர்ட்டர் வழுக்கிக்கொண்டே இருக்க, அந்தச் சூடெல்லாம் கியர்பாக்ஸ் ஆயிலில் இறங்கியது. ஒருநாள் டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் பழுப்பாக, கருகல் வாடையோடு இருந்தது. வயிற்றைக் கலக்கிவிட்டது.

சரி என்று 2400 ஸ்டாலுக்கு இறங்கினேன். தெருவில் ஓட்டும் வண்டிக்கு, பயண வேகச் சுற்றுக்குக் கீழேதான் ஸ்டால் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரேடியேட்டருக்கு முன்னால் தனி ஆயில் கூலரும் வைத்தேன்.

மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கன்வர்ட்டரைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். 'டக்', 'டக்' என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் கியர்பாக்ஸின் ஆயில் பம்பில் உட்காரும். அதற்கு முன் போல்ட்டை முடுக்கினால் பம்ப் உடையும்.

இப்போது சிக்னலில் அணையாமல் நிற்கிறது, ஆயிலும் சிவப்பாகவே இருக்கிறது.