லெப்பர்ட் கெக்கோ முட்டையை வீட்டில் அடை வைக்க

கோழி அடை வைத்துப் பழகியவர்கள் முதலில் அந்தப் பழக்கத்தை மறக்க வேண்டும். கோழி முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும். லெப்பர்ட் கெக்கோ என்பது வீட்டில் வளர்க்கும் ஒரு புள்ளிப் பல்லி; அதன் முட்டையைப் புரட்டவே கூடாது. இட்ட ஒரு நாளுக்குள் கரு மேல்பக்கத்து உள்தோலில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கவிழ்த்தால் செத்துப்போகும். அதனால் முட்டையைக் கண்டதும், கிடக்கிற வாக்கிலேயே, உச்சியில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி கடைசிவரை மேலேதான் இருக்க வேண்டும்.

முட்டை வரப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடும். எங்கள் பெண் கெக்கோ பவுனுவைக் கண்ணாடித் தொட்டி வழியாக அடியில் இருந்து பார்த்தால், வயிற்றுத் தோலுக்குள் இரண்டு வெள்ளை உருண்டைகள் நீளவாக்கில் தெரிந்தன. தீனியில் நாட்டமில்லை, ராத்திரியெல்லாம் மூலையைப் பிறாண்டல். ஐஸ்கிரீம் டப்பாவில் ஈரத் தேங்காய்நார்த் தூளை நிரப்பி, பக்கவாட்டில் ஓட்டை போட்டு, அது முட்டையிட அப்போதே தொட்டிக்குள் வைத்துவிடுங்கள். இன்குபேட்டரையும் (முட்டைக்குச் சூடு கொடுக்கும் பெட்டி) அன்றைக்கே ஓடவிட்டால்தான் முட்டை வருவதற்குள் சூடு நிலைப்படும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் முனை முட்டை இருக்கும் மட்டத்தில் இருக்கட்டும்.

இன்குபேட்டருக்குள் வைக்கும் டப்பாவில் வெர்மிகுலைட் (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) போடுங்கள். அது எவ்வளவு எடையோ அவ்வளவு தண்ணீர்: 100 கிராமுக்கு 100 மில்லி. பிழிந்தால் சொட்டக் கூடாது. முட்டையைப் பாதி புதைத்து, மூடியில் ஓரிரு ஊசித்துளை போட்டு மூடுங்கள். வாரம் ஒருமுறை திறந்து காற்று மாற்றினால் போதும்.

ஆணா பெண்ணா என்பதைச் சூடுதான் முடிவு செய்கிறது. 26–28 டிகிரியில் பெரும்பாலும் பெண், ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். 32 டிகிரியை ஒட்டி ஆண் அதிகம், ஒன்றரை மாதத்தில் பொரிந்துவிடும். என் ஓட்டு 27–28க்கு. ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் கடித்துக்கொள்ளும். தனித்தனித் தொட்டிக்கு யாரிடம் இடம் இருக்கிறது? தவிர, கருவி கொஞ்சம் கூடுதலாகச் சூடேற்றினாலும் தாங்கும்.

ஒரு வாரம் போனபின், முட்டையை எடுக்காமல், பக்கத்தில் சின்ன டார்ச் பிடித்துப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பும் ரத்த நரம்பும் தெரிந்தால் கரு கூடியிருக்கிறது. வெறும் மஞ்சள் என்றால் அநேகமாகக் கூமுட்டை; முதல் முறை இடுவதில் அது சகஜம். ஆனாலும் அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். சுருங்கி நாறினால் அப்புறம் எறியலாம்.

பாதியில் முட்டை குழி விழுந்தால் ஈரம் போதவில்லை. தண்ணீரை ஓரமாக விடுங்கள், முட்டைமேல் வேண்டாம். நாள் நெருங்கியபின் வியர்த்துத் தொய்ந்தால் குஞ்சு வரப்போகிறது. தலையை மட்டும் நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கும். இழுத்துவிட்டால் வயிற்றில் இன்னும் சேராத மஞ்சள் கரு கிழிந்துபோகும். தொடாதீர்கள்.

வெளியே வந்த குஞ்சுக்கு ஈரக் காகிதத் துண்டு போதும். முதல் சட்டையை உரித்தபிறகு கால்சியம் தூவிய சின்னச் சில்வண்டு கொடுங்கள். தாய்க்கும் கால்சியம் கிண்ணம் காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆணோடு மறுபடி சேராமலே சில வாரங்களில் அடுத்த ஜோடி முட்டை இடக்கூடும். அந்த ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துவிட வேண்டாம்.