படகு கரைக்கு வந்த கதை

இறுதியாண்டுக்காக 40 விநாடி அனிமேஷன் ஒன்று செய்துகொண்டிருந்தேன். விடியற்காலையில் காசிமேடு துறைமுகத்துக்குள் நுழையும் ஒரு விசைப்படகு, அவ்வளவுதான். விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம் என்றால் மொத்தம் 960. என் பழைய கணினியில் ஒரு பிரேம் ரெண்டர் ஆக, அதாவது கணினி அதைக் கணக்கிட்டு வரைந்து முடிக்க, ஏறத்தாழ 3 நிமிடம். ஆக, முழுதாக இரண்டு நாள்.

700 பிரேம் தாண்டியிருந்தபோது தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் மின்சாரம் போனது. வந்ததும் பார்த்தால் எம்பி4 வீடியோ கோப்பு இருக்கிறது, திறக்க மறுக்கிறது. எந்தப் பிரேம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை அவ்வகைக் கோப்பில் பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படும். பாதியில் நின்றால் அத்தனையும் வீண். “படகு கரைக்கு வந்ததா?” என்று அம்மா கேட்டார். பதில் சொல்லும் மனநிலையில் நான் இல்லை.

நான் அனிமேஷன் செய்த ப்ளெண்டர் மென்பொருளில் வெளியீட்டை வீடியோவிலிருந்து பிஎன்ஜி படங்களாக மாற்றினேன். இருக்கும் கோப்பின் மேலேயே எழுதச் சொல்லும் ‘ஓவர்ரைட்’ கட்டத்தில் இருந்த டிக்கையும் எடுத்துவிட்டேன். இனி ஒவ்வொரு பிரேமும் தனிப் படம். மறுபடி தொடங்கினால், இருப்பவற்றைத் தாண்டிப் போய் விடுபட்டதிலிருந்து தொடரும்.

ஓரிடத்தில் மட்டும் ஏமாந்தேன். அடுத்த முறை மின்சாரம் போனபோது எழுதிக்கொண்டிருந்த படம் 0 கேபி அளவில் கிடந்தது. மென்பொருள் அதையும் முடிந்த கணக்கில் சேர்த்துவிட்டது. ஓட்டிப் பார்த்தால் கடல் நடுவே கண்சிமிட்டும் நேரத்துக்கு ஒரு கறுப்பு! கோப்புகளை அளவுவாரியாக வரிசைப்படுத்தி, அந்த ஒன்றை அழித்து மீண்டும் ஓடவிட்டேன். 3 நிமிட வேலை. பிறகு எல்லாவற்றையும் வீடியோவாகக் கோத்து, அம்மாவைக் கூப்பிட்டேன்.